இருபது டிகிரி

சித்ரா என்றால் இங்கே பெண் இல்லை,
எண்ணெய் டேங்குகள் நிற்கும் தீவு.
சித்ராவில் இருக்கிறேன் என்று போனில் சொன்னால்
அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சு நிற்கும்.

எனக்குக் கொடுத்த லேத் பல்கேரியாவில் பிறந்தது.
என்னைவிட ஏழு வயது மூத்தது.
கைப்பிடியைத் திருப்பினால் உடனே கேட்காது.
கால் சுற்று யோசிக்கும்,
பிறகுதான் டூல் நகரும்.
சக் பக்கம் பெட் தேய்ந்துபோய்
அங்கே மட்டும் கடைசல் தடித்துவிடும்,
முடியில் பாதி கனம்.
அதற்காக டெயில் ஸ்டாக்கை
ஒரு சிகரெட் தாள் அளவு என்னைவிட்டுத் தள்ளிவைப்பேன்.
நேர்கோடு வேண்டுமென்றால்
இதனிடம் கோணலாகத்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட். ஒரு பம்ப் ஷாஃப்ட்.
நூற்றிருபது மில்லி விட்டம்,
இருபத்திரண்டு மைக்ரான்வரை குறையலாம்,
ஒன்றுகூடக் கூடக்கூடாது.
திருடுபோகுமென்று மைக்ரோமீட்டரை
ஏசி அறை அலமாரியில் பூட்டிவைப்பார் முதலாளி.
கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தேன். ஜில்லென்று இருந்தது.
ஷெட்டுக்குள் நாற்பத்தெட்டு.
அளந்தேன், தடிப்பு. இன்னொரு கட்.
அளந்தேன்.
சரி.

ரோவெனா அதை ஒரு பகலும் இரவும்
இருபது டிகிரியில் கிடத்தி
வெள்ளைக் கையுறையோடு அளந்தாள்.
அண்டர்சைஸ் என்று எழுதினாள்,
கோபமே இல்லாத நீல மையில்.
இருபத்துநாலு மைக்ரான் எங்கே போயிற்று என்று
முதலாளி என் சட்டைப் பையைப் பார்த்தார்.

வெயில் கொடுத்தது. குளிர் திருப்பி வாங்கிக்கொண்டது.
நடுவில் கையெழுத்துப் போட்டவன் நான்.

இரண்டாவது ஷாஃப்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தினேன்.
சென்டர்களிலிருந்து கழற்றி
நானும் ஷம்சுலும் தள்ளுவண்டியில் ஏற்றி
ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் அறைக்கே கொண்டுவந்தோம்.
எண்பது கிலோ.
கட்டில்களுக்கு நடுவே கம்பளி விரித்துப் படுக்கவைத்தோம்.
மைக்ரோமீட்டரை அன்று திருப்பிக் கொடுக்கவில்லை,
அதன் பக்கத்தில் வைத்தேன்.
ஆக, திருட்டு என்று ஒன்று நடந்தது அன்றுதான்.
பாத்ரூமுக்கு எழுந்த குர்மீத்
இடறி விழப்போய்
பஞ்சாபியில் என் வம்சத்தை விசாரித்தான்.

ஒரு மணிக்கு டார்ச் அடித்து அளந்தேன்.
அறுபத்திரண்டு மைக்ரான் அதிகம்.
அவ்வளவுதான், இனி அளக்கக்கூடாது,
கழிக்க மட்டும்தான்.

வெளியே வந்ததும் இரும்புக்கு வியர்த்தது,
முகரக்கில் விமானத்தைவிட்டு இறங்கிய அன்று
எனக்கு வியர்த்த மாதிரி.
எண்ணெய்த் துணியால் துடைத்தேன். திரும்பவும் பூத்தது. துடைத்தேன்.
ஷெட்டின் சூட்டை அது ஒத்துக்கொள்ளும்வரை
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கைப்பிடியை ஒரு முழுச் சுற்று பின்வாங்கி,
யோசிப்பதையெல்லாம் முதலிலேயே யோசிக்கவைத்து,
மெல்ல முன்னால் வந்தேன்.
தொட்டும் தொடாமலும் ஒரு கீறல்.
டயல் கேஜில் முப்பத்தாறு.
இரண்டு பக்கமும் சேர்த்தால் எழுபத்திரண்டு.
பாங்கு சொல்லத் தொடங்கியபோது போட்ட கட்
கம்பி வேலியில் வெளிச்சம் விழும்போது முடிந்தது.
கையில் எடுத்தால் எடையே தெரியாத சுருள்,
ஊதினேன், போய்விட்டது.

ரோவெனா ஒரு டிக் போட்டாள்.
அதே நீல மை.
முதலாளி மைக்ரோமீட்டரை வாங்கிப் பூட்டினார்.

அன்றிரவு ஷம்சுல் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுத்
தரையில் எதையோ துழாவினான்.
அடுத்த ஷாஃப்ட் எப்போது என்றான்.
நேற்று விளக்கணைத்ததிலிருந்து
உள்ளங்காலை அதன்மேல் வைத்தே கிடந்தானாம்,
அப்படி ஒரு குளிர்ச்சியாம்.

ஒரு மனிதக் கால் எத்தனை மைக்ரான் என்று
கணக்குப் போட்டபடியே
வெகுநேரம் விழித்திருந்தேன்.